'லோஞ்ச்' என்ற சொல்லும் எங்கட கடலும்

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியிலே 'லோஞ்ச்' என்று ஒருவர் சொன்னால் மற்றவர் விளக்கம் கேட்கமாட்டார். குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கிற படகு அது. "லோஞ்ச் வெளிக்கிட்டிட்டுதோ?" "காத்து பலம், இண்டைக்கு லோஞ்ச் ஓடாது." "கடைசி லோஞ்சைத் தப்பவிட்டா இரவைக்கு இஞ்சதான் படுக்கை." இந்த வசனங்களோடுதான் அந்தச் சொல் எங்கள் காதுக்குள் புகுந்தது. பஸ், லாம்பு, கோப்பி போல அதுவும் எங்கட சொல்லாகவே இருந்தது.

கொழும்பிலே நிலைமை வேறு. அழைப்பிதழில் 'நூல் வெளியீடு' என்று அழகாக அச்சடித்திருப்பார்கள். ஆனால் தொலைபேசியில் நினைவூட்டுகிறவர், "சனிக்கிழமை நம்மட புக் லோஞ்ச், மறந்திராதீங்க" என்றுதான் சொல்வார். கைபேசிக் கம்பனி தன் புது மாதிரியை 'லோஞ்ச்' பண்ணுகிறது. 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 புறப்பட்டபோது வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து "லோஞ்ச் ஆகிட்டு!" என்று கத்தினார்கள். இவற்றோடு, வடக்கில் வாழ்ந்த எவரும் மறக்க முடியாத 'லோஞ்சர்' என்ற ஆயுதமும் இருக்கிறது.

படகு, புத்தகம், கைபேசி, ரொக்கெட், ஆயுதம். இத்தனையையும் ஒரே சொல் எப்படிச் சுமக்கிறது என்று தேடியபோது கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இது ஒரு சொல் அல்ல, இரண்டு. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாகிப்போன இரண்டு தனித்தனிச் சொற்கள். அவற்றுள் எங்கட தீவுக்காரர் வாயில் இருக்கும் சொல் ஆங்கிலேயருடைய சொந்தச் சொல்லே இல்லை.

படகிலிருந்து தொடங்குவோம். தீவுகளில் எல்லாப் படகும் லோஞ்ச் ஆகிவிடாது. மீன்பிடிக்கப் போவது வள்ளம். பாய் விரித்துச் சரக்கு ஏற்றியது தோணி. கட்டுமரம் வேறு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவைக்குப் பெயர் 'பாதை'. கிண்ணியா, மட்டக்களப்பு வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் 'பாதை வருது, ஏறுங்கோ' என்ற வசனத்தைக் கேட்டு ஒருகணம் திகைப்பார்கள். மற்றப் பாதைகளில் நாம் போகிறோம், இந்தப் பாதையோ எங்களைக் கொண்டுபோகிறது. வீதி அபிவிருத்தி அதிகார சபை இதை நடத்துவதும் பொருத்தம்தான். அவர்கள் கணக்கில் இதுவும் வீதியின் ஒரு துண்டு.

லோஞ்ச் என்றால் உள்ளே எஞ்சின் பொருத்திய, மேலே கூரை போட்ட, காசு கொடுத்து ஏறுகிற பயணிகள் படகு. குனிந்து உள்ளே இறங்க வேண்டும். எஞ்சின் புகையும் மீன் மணமும் கலந்து மூக்கில் ஏறும். மா மூட்டை, காஸ் சிலிண்டர், வாழைக்குலை, பாடசாலைக்குப் போகும் ஆசிரியைகளின் குடைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். நயினாதீவில் கரை ஏறினால் நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர், நாகதீப விகாரைக்குப் போகிறவர், பள்ளிவாசல் பக்கம் போகிறவர் என்று ஆளாளுக்குப் பிரிந்து விடுவார்கள். ஆனால் கால் மணி நேரமோ சற்றுக் கூடவோ எல்லாரும் ஒரே பலகையில் முழங்கால் இடிபட வந்தவர்கள். நெடுந்தீவு என்றால் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்தக் கடலும் சும்மா கடல் இல்லை, வயிற்றைப் பிரட்டி எடுத்துவிடும்.

நான் பிறந்தது யாழ்ப்பாணம் சோனகத்தெருவில். உம்மாவின் உறவுகள் நயினாதீவில் இருந்தார்கள். வாப்பா புடைவை மூட்டையோடு தீவுகளுக்குப் போய் வருவார். எங்கள் வீட்டிலே கிழமை நாட்களைக்கூட லோஞ்சை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். "வாப்பாட லோஞ்ச் நாள்" என்றால் அன்றைக்கு இரவுச் சோறு பிந்தும்.

இந்தப் படகுக்கு இந்தப் பெயர் வந்தது பிரித்தானியக் கடற்படை வழியாக. பாய்க்கப்பல் காலத்துப் போர்க்கப்பல்கள் தம்மோடு சில சிறிய படகுகளைக் கட்டிச் செல்லும். தண்ணீர்ப் பீப்பா ஏற்ற, நங்கூரத்தை எடுக்க, ஆட்களைக் கரை சேர்க்க அவை உதவும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் அந்தச் சிறு படகுகளுள் பெரியதுக்கு 'லோஞ்ச்' என்ற பெயர் நிலைத்தது. பிறகு அதில் நீராவி எஞ்சின் ஏறியது, 'ஸ்டீம் லோஞ்ச்' ஆனது. அடுத்து 'மோட்டர் லோஞ்ச்'. குடியேற்ற நாடுகளின் துறைமுகங்களில் அதிகாரிமாரும் சுங்கக்காரரும் ஏறித் திரிந்தவை இவை. பயணிகள் சேவைக்கும் அதே வகைப் படகு வந்தபோது பெயரும் கூடவே வந்தது. காலப்போக்கில் 'மோட்டர்' கழன்று விழ, 'லோஞ்ச்' மட்டும் மிஞ்சியது. தமிழ்நாட்டுக் கரையில் இதையே 'லாஞ்சு' என்பார்கள். ஓகாரம் எங்கட வாய்ப் பழக்கம்.

ஆனால் ஆங்கிலேயர் இந்தச் சொல்லை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரிடமும் ஸ்பானியரிடமும் வாங்கியவர்கள். அவர்கள் மொழிகளில் அது 'லஞ்சா'. போர்த்துக்கேயருக்கு எங்கிருந்து கிடைத்தது? இங்கேதான் கதை எங்கள் பக்கம் திரும்புகிறது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கேயர், அந்தக் கடலில் வேகமாக ஓடிய ஒருவகைச் சிறு கப்பலைக் கண்டார்கள். 16ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் அதன் பெயரை 'லஞ்சாரா' என்று குறித்து வைத்திருக்கிறார்கள். மலாய் மொழியில் 'லஞ்சாரான்'. வேர்ச்சொல் 'லஞ்சார்': விரைவான, தடங்கல் இல்லாத என்று பொருள். ஆங்கில, ஸ்பானிய அகராதிகள் இந்த மலாய் மூலத்தையே காட்டுகின்றன.

மலேசியாவில் சில காலம் வேலை செய்துவிட்டு வந்த நண்பர் ஒருவரிடம் இந்த 'லஞ்சார்' இன்னும் அங்கே புழங்குகிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அது அங்க எல்லா நாளும் கேக்கிற சொல். பிள்ளை தடக்குப்படாம குர்ஆன் ஓதினா, 'லஞ்சார்' எண்டுதான் உஸ்தாத் சொல்லுவார்." நாம் 'சரளமாக' என்று சொல்கிற இடம் அது. அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. குறிகட்டுவானில் கரும்புகை கக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பழைய படகின் பெயரும், மத்ரஸாவில் ஒரு சிறுவனின் நாவு தடுமாறாமல் ஓடுவதற்கான பெயரும் ஒன்றே!

வேகத்தை வைத்துப் படகுக்குப் பெயரிடுவது மலாய்க்காரருக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. குர்ஆனில் கப்பலுக்கு 'ஃபுல்க்', 'சஃபீனா' என்ற சொற்களோடு 'ஜாரியா' என்ற சொல்லும் வருகிறது. ஸூரத்துல் ஹாக்காவில் நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைக் குறிப்பது அச்சொல்தான். அதன் நேர்ப்பொருள் 'ஓடுவது'. தமிழிலும் கப்பல் 'ஓடுகிறது' என்கிறோம், கப்பல் 'ஓட்டுகிறோம்', 'ஓடம்' என்கிறோம். புதிதாகக் கட்டிய கப்பலை முதன்முதலாகக் கடலில் விடுவது 'வெள்ளோட்டம்'. இந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு திரும்பி வருவேன்.

மலாய் லஞ்சாரான் போர்த்துக்கேயர் வாயில் ஏறி மேற்கே போனது, அவர்களுடைய கப்பல்கள் எங்கள் கடலில் செய்தவற்றோடு சேர்ந்துதான். 1505இல் இலங்கைக் கரையைக் கண்டவர்கள் முஸ்லிம்களின் கடல் வணிகத்தை முறிப்பதையே முதல் வேலையாக வைத்திருந்தார்கள். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற, கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் 'கைட்ஸ்' என்று எழுதுகிறோமே, அதுவும் இறங்குதுறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் மிச்சம். அந்தத் துறையிலிருந்துதான் யானைகளைக் கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தர் வந்து தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை ஒட்டினார்கள். நயினாதீவு 'ஹார்லெம்' ஆனது, புங்குடுதீவு 'மிடில்பேர்க்'. அவை உதிர்ந்துபோய், நெடுந்தீவுக்கு வைத்த 'டெல்ஃப்ட்' மட்டும் நிலைத்துவிட்டது. பெயர் வைப்பவன் நினைக்கிறபடி பெயர் தங்குவதில்லை.

இதே 'லோஞ்ச்' மேற்குக் கடலிலும் அலைந்திருக்கிறது. 1950களிலும் 60களிலும் மலபாரிலிருந்து வளைகுடாவுக்கு இரகசியமாகப் போன ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஏறிய படகை மலையாளிகள் 'லோஞ்ச்' என்றுதான் இன்றும் நினைவுகூர்கிறார்கள். கோர்ஃபக்கான் கரைக்குக் கொஞ்சம் தள்ளி இறக்கிவிடப்பட்டு நீந்திக் கரை சேர்ந்தவர்களின் கதைகள் மாப்பிளை முஸ்லிம்களின் வீடுகளில் நிறைய உண்டு. வளைகுடா அரபியில் இந்த வகைப் படகு 'லன்ஜ்', பாரசீகத்தில் 'லென்ஜ்'. ஈரானின் லென்ஜ் கட்டும் கலையை 2011இல் யுனெஸ்கோ உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மலாக்காவில் புறப்பட்ட சொல் ஐரோப்பாவைச் சுற்றி, கோழிக்கோடு, பந்தர் அப்பாஸ், புங்குடுதீவு என்று நம்மவர் வாழும் கரைகளிலேயே திரும்ப வந்து ஒதுங்கியிருக்கிறது.

இனி மற்ற 'லோஞ்ச்'. இது கடலில் பிறந்ததல்ல, போர்க்களத்தில் பிறந்தது. லத்தீனில் 'லான்சியா' என்றால் ஈட்டி. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் எறிதல், வீசுதல் என்ற பொருளில் ஒரு வினை உண்டாகி, இங்கிலாந்துக்குள் வந்து 'லோஞ்ச்' ஆயிற்று. ஆங்கிலத்தில் குதிரை வீரனின் ஈட்டிக்கு 'லான்ஸ்' என்று பெயர். இன்று எந்தப் பத்திரிகையிலும் நிரந்தர வேலை இல்லாமல் எழுதுகிற நம் நண்பர்கள் தங்களை 'ஃப்ரீலான்ஸ்' என்று சொல்லிக்கொள்கிறார்களே, அதிலும் இந்த ஈட்டிதான் ஒளிந்திருக்கிறது. எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல், கூலி கொடுப்பவனுக்காக ஈட்டி பிடித்தவன் என்பது அதன் பழைய கருத்து. கூலி ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பது மட்டும் இன்றைய நிலை.

எறிதலில் தொடங்கிய வினை மெல்ல மெல்ல விரிந்தது. ஈட்டியை எறிவது. கரையில் கட்டிய கப்பலைச் சறுக்கித் தண்ணீருக்குள் தள்ளுவது. ஒரு தாக்குதலைத் தொடங்குவது. ஒரு வியாபாரத்தை, ஒரு பத்திரிகையை, ஒரு நூலை உலகத்துக்குள் விடுவது. கையில் இருப்பதை விட்டுவிடுகிறோம், அது இனி தன் பாட்டில் போகும் என்ற எண்ணம் எல்லாவற்றிலும் இருக்கிறது. கப்பலைத் தள்ளும் இந்த வினையும் 'படகு' என்ற அந்தப் பெயரும் துறைமுகத்தில் அருகருகே நின்றபடியால், ஆங்கிலேயர்களே பலர் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். தள்ளிவிடப்படுவதால் படகுக்கு அந்தப் பெயர் வந்தது என்று விளக்கம் சொல்வோரும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று ஈட்டி, மற்றது வேகம்.

தமிழ் இங்கே செய்திருப்பது வியப்பானது. 'ஏ' என்றால் அம்பு. அதை ஒட்டி 'ஏவு'. கணை என்றாலும் அம்பு. 20ஆம் நூற்றாண்டில் மிசைலுக்குத் தமிழில் பெயர் தேடியபோது 'ஏவுகணை' என்றார்கள். பிரெஞ்சுக்காரன் ஈட்டியிலிருந்து எடுத்ததை நாம் அம்பிலிருந்து எடுத்துக்கொண்டோம். ரொக்கெட் புறப்படும் இடம் 'ஏவுதளம்'. இதே ஏவல் இலக்கணத்தில் 'போ', 'வா' என்று கட்டளையிடும் வினைக்குப் பெயர். ஊர்ப்புறத்தில் பில்லி சூனியத்துக்கும் 'ஏவல்' என்பார்கள். எறிந்துவிட்டால் அது தானாகப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அங்கேயும்!

ஈழத்துப் போர்க்காலம் இந்தச் சொற்களை இன்னும் பெருக்கியது. எறிகணை, உந்துகணை, உந்துகணை செலுத்தி என்று பத்திரிகைகள் எழுதின. சனங்கள் 'ஷெல்' என்றார்கள், 'லோஞ்சர்' என்றார்கள். எழுத்துத் தமிழ் அம்பிலேயே நின்றது. பேச்சுத் தமிழ் ஈட்டிக்குப் போனது. 1980களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு லோஞ்ச், லோஞ்சர் இரண்டும் ஒரே காலத்தில் அறிமுகமாயின. ஒன்றில் ஏறிப் போகலாம், மற்றதைக் கண்டால் ஓட வேண்டும்.

ஏறிப் போகலாம் என்ற நம்பிக்கையும் ஒருநாள் வெட்டுண்டது. 1985 மே 15. காலையில் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கி வெளிக்கிட்ட 'குமுதினி' நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் என்று இருபதுக்கும் மேற்பட்டோர். தப்பியவர்கள் கடற்படையினரையே குற்றம் சாட்டினார்கள். நெடுந்தீவிலே அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள். குமுதினி என்பது ஒரு படகின் பெயர். ஆனால் தீவுப் பகுதியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அவர் முதலில் நினைப்பது படகை அல்ல. எங்கள் வீட்டிலும் அந்த மே மாதத்துக்குப் பிறகு "வாப்பாட லோஞ்ச் நாள்" என்றால் சோறு பிந்தும் என்ற பொருள் போய்விட்டது. உம்மா வாசலிலேயே நிற்பார்.

மீண்டும் புத்தகத்துக்கு வருகிறேன். 'புக் லோஞ்ச்' என்பதற்கு நம்மிடம் உள்ள 'வெளியீடு' நல்ல சொல். 'அறிமுகம்' அதைவிட அடக்கமானது. பழைய சொல் 'அரங்கேற்றம்'. உமறுப்புலவரின் சீறாப்புராணம் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவோடு அரங்கேறியது என்பது மரபு. அரங்கேற்றத்தில் நூலைச் சபை கேட்கும், கேள்வி கேட்கும், பிழை பிடிக்கும். சபை ஏற்றுக்கொண்டால்தான் நூல். இன்றைய லோஞ்சில் முதற்பிரதியைப் புரவலர் ஒருவர் பெற்றுக்கொள்வார், பொன்னாடை போர்ப்பார்கள், ஐந்து பேர் வாழ்த்துவார்கள், அவர்களில் நூலை வாசித்தவர் இரண்டு பேராவது இருந்தால் அது நல்ல கூட்டம். பெயர் மாறும்போது வேலையும் மாறிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் திரும்பி வருவதாகச் சொன்ன 'வெள்ளோட்டம்' இதைவிடப் பொருத்தமாக இருக்கிறது. புதுக் கப்பலுக்கும் புதுத் தேருக்கும் அதைச் சொல்வார்கள். முதல் ஓட்டம் என்பதோடு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் ஓட்டம் என்ற பொருளும் அதில் உண்டு. 2017இல் நெடுந்தீவுச் சேவைக்கு 'நெடுந்தாரகை' வந்தது. அப்படி ஒரு புதுப் படகைக் கடலில் விடுவதற்குத் தமிழில் உள்ள சொல் அதுதான். ஒரு நூலுக்கும் வெள்ளோட்டம் விட்டால் என்ன? ஓட்டை இருந்தால் கரையிலேயே தெரிந்துவிடும். கரையோர ஊர்களில் புது வள்ளம் இறக்கும்போது ஃபாத்திஹா ஓதி, சீனி பகிர்ந்துவிட்டுத் தள்ளுகிற வழக்கம் இருந்தது. அது சரியா பிழையா என்ற வாதத்துக்குள் நான் இறங்கவில்லை. எல்லாரும் கை கொடுத்துத் தள்ளினார்கள் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். அதுவும் ஒரு லோஞ்ச்தான்.

படகுப் பெயர்களுக்கு நம் சமூகத்தில் ஒரு தனி இடம் இருக்கிறது. சிங்களத்தில் நம்மைச் சுட்டும் 'மரக்கல' என்பதில் மரக்கலம் அப்படியே மிதக்கிறது. மரைக்காயர் என்ற பெயரையும் மரக்கலத்தோடு சேர்த்தே பலர் விளக்குகிறார்கள். பழைய பெயர்களில் ஒன்றான 'சம்மான்காரர்' என்பதைச் 'சம்பான்' என்ற படகோடு பொருத்துவார்கள். இன்னும் பழைய சாட்சி நயினாதீவிலேயே கல்லாக நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்கப்படும் என்கிறது அந்த ஆணை. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன், தமிழ் எழுத்து, வெளிநாட்டு வணிகரைப் பற்றிய சட்டம். குதிரை வணிகத்தில் அந்நாளில் அரபிகளும் பாரசீகரும் எவ்வளவு முன்னணியில் நின்றார்கள் என்பதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். அந்தத் தீவுக்கு நம் படகு புதிதாக வந்ததல்ல.

இந்தப் பின்னணியோடுதான் 1990 ஒக்டோபரை நினைக்க வேண்டியிருக்கிறது. வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்கு ஒக்டோபர் 30 அன்று கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நாங்கள் தரைவழியால் போனோம். மன்னார்த் தீவிலிருந்தவர்கள், எருக்கலம்பிட்டிக்காரர் உட்பட, படகுகளில் ஏற்றப்பட்டுக் கல்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். நாங்களும் அவர்களும் புத்தளத்தில் சந்தித்தோம். ஓலைக் கொட்டில்களில், உப்புத் தண்ணீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில், நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளின் பேச்சை நான் கொஞ்சக் காலமாகக் கவனித்து வருகிறேன். என் மகனிடம் 'லோஞ்ச்' என்றால் என்ன என்று கேட்டேன். "புதுசா ஒண்ட அறிமுகப்படுத்துறது" என்றான். படகு என்ற பொருள் தெரியுமா என்று கேட்டதற்கு, "மும்மா சொல்லுவாங்களே, அதுவா?" என்றான். மும்மா என்பது என் உம்மாவை. அவனுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அவனுக்கு அது வேறொருவருடைய சொல். அகராதியில் ஒரு சொல்லின் பொருள்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அடுக்குவார்கள். எங்கள் வீட்டில் முதலாம் எண்ணில் இருந்த பொருள் ஒரு தலைமுறைக்குள் கடைசிக்குப் போய்விட்டது. கடல் வற்றவில்லை, படகும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏறுகிற இடத்தில் நாங்கள் இல்லை.

மீள்குடியேற்றத்தில் காணி, வீடு, வாக்காளர் பதிவு ஆகியவற்றைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று, இன்னும் எழுத வேண்டும். வட்டாரச் சொற்கள் அந்தப் பட்டியலில் இல்லை. சோனகத்தெரு, தீவுகள், மன்னார், முல்லைத்தீவு முஸ்லிம்கள் பேசிய தமிழில் கடல், படகு, துறை, சரக்கு சார்ந்து இருந்த சொற்களை இப்போது சேர்க்காவிட்டால் சேர்க்க ஆள் இருக்கமாட்டார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு பின்னேரம் உட்கார்ந்தாலே போதும். சொல்லை மட்டும் எழுதினால் காணாது, அது வந்த வசனத்தையும் எழுத வேண்டும்.

மலாய் மொழிக்குத் திரும்ப ஒருமுறை போய் வருகிறேன். இன்றைய மலேசிய வழக்கில் அதே 'லஞ்சார்' என்ற வேரிலிருந்து 'பெலஞ்சாரான்' என்றொரு சொல் இருக்கிறது. பொருள், லோஞ்ச். புத்தகத்துக்கும் அதுதான், ரொக்கெட்டுக்கும் அதுதான். ஆங்கிலத்தில் தற்செயலாக ஒட்டிக்கொண்ட ஈட்டியும் வேகமும் கோலாலம்பூரில் ஒரே வேரில் இணைந்து நிற்கின்றன. வேகத்தைச் சொன்ன பழைய வேருக்குள், ஈட்டிக்காரனின் பொருள் முழுவதும் குடிவந்துவிட்டது. நண்பர் இதைச் சொன்னபோது, போர்த்துக்கேயர் கொண்டுபோனதை மலாய்க்காரர் வட்டியோடு திரும்ப வாங்கிவிட்டார்கள் என்றேன்.

என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் முதற்பதிவு இது. மற்றவர்கள் தங்கள் ஊர்ச் சொற்களை இந்த முறையிலோ இதைவிட நல்ல முறையிலோ எழுதலாம்.

லோஞ்ச்: பெயர்ச்சொல். தீவுப் பகுதி வழக்கு. எஞ்சின் பொருத்திய, கூரையுள்ள பயணிகள் படகு. "வாப்பா மத்தியான லோஞ்சில வாறார், கறிய இறக்கி வைக்காத." சொன்னவர்: உம்மா, சோனகத்தெரு, 1984 அளவில்.